வெற்றிலைக் காம்பும் விளக்கெண்ணெயும்: கைக்குழந்தை மலச்சிக்கலின் கதை

பழனிக்கு மேற்கே இருக்கும் நெய்க்காரப்பட்டி, பெயரிலேயே நெய்யை வைத்திருக்கும் ஊர். தெற்கே பழனி மலைத்தொடர் சுவர் மாதிரி நிற்கிறது. கீழே கரும்பும் தென்னையும், மேலே மலைவாழையும் காபியும். இந்த ஊரானாலும் திண்டுக்கல் சமவெளியின் வேறு எந்த ஊரானாலும், சோறு ஊட்டத் தொடங்கிய குழந்தை இரண்டு நாளாக வெளிக்குப் போகாமல் முகம் சிவக்க முக்கிக்கொண்டிருந்தால் வீட்டுப் பெரியவர்கள் முதலில் தேடுவது வெற்றிலையை. இலை வேண்டாம், காம்பு மட்டும் போதும். அதை விளக்கெண்ணெயில் தொட்டுக் குழந்தையின் ஆசனவாயில் மெல்ல வைப்பார்கள். கொஞ்ச நேரத்தில் பலன் தெரியும். வீடே பெருமூச்சு விடும்.

இந்தக் காம்புக்கு எழுதப்பட்ட சரித்திரம் எதுவும் கிடையாது. போர், அரசாட்சி, கோயில் கட்டியது என்று கல்வெட்டில் பொறித்தவர்கள் குழந்தையின் வயிற்றைப் பற்றிப் பொறிக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு தலைமுறைத் தாயையும் இரவில் தூங்க விடாமல் செய்த விஷயம் இது. இதற்காகக் கொடுக்கப்பட்ட மருந்துகளில் சில குழந்தைகளைக் கொன்றும் இருக்கின்றன. அந்த வகையில் பார்த்தால் இதுவும் ஒரு முக்கியமான வரலாறுதான்.

முதலில் பிரச்சினை ஏன் சரியாக அந்த வயதில் வருகிறது என்பதைப் பார்க்க வேண்டும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தையின் குடலில் மிச்சம் விழுவது மிகக் குறைவு. ஒன்றரை மாதத்துக்குப் பிறகு சில குழந்தைகள் நாலைந்து நாள், ஏன் ஒரு வாரம்கூட மலம் கழிக்காமல் இருக்கும். பிறகு கழிக்கும்போது இளக்கமாகவே போகும். அது நோய் அல்ல. ஆறு மாதத்தில் சோறு, இட்லி, கேழ்வரகு என்று உள்ளே போகத் தொடங்கியதும் கதை மாறுகிறது. மாவுச்சத்து கூடுகிறது, பாலின் அளவு குறைகிறது, தண்ணீர் குடிக்கக் குழந்தைக்கு இன்னும் சரியாகப் பழகவில்லை. மலம் இறுகுகிறது. இறுகியது வெளியே வரும்போது வலிக்கிறது. ஒருமுறை வலித்த குழந்தை மறுமுறை அடக்கிக்கொள்கிறது. அடக்க அடக்க, குடல் அதிலிருந்து மேலும் நீரை உறிஞ்சி இன்னும் கெட்டியாக்குகிறது. ஆட்டுப் புழுக்கை மாதிரி வருகிறது என்று பாட்டிமார் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான்.

பழைய வீடுகளில் இதற்கு நான்கு வழிகள் இருந்தன: காம்பு, எண்ணெய், உரை மருந்து, சாப்பாடு. இந்த நான்கையும் ‘பாட்டி வைத்தியம்’ என்று ஒரே மூட்டையாகக் கட்டி, ஒன்று தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள், அல்லது மொத்தமாகக் குப்பையில் போடுகிறார்கள். இரண்டுமே தவறு. ஒவ்வொன்றும் வேறு வேறு வழியில் வேலை செய்தது. ஒவ்வொன்றின் விளைவும் வேறு.

காம்பு வேலை செய்வது அதன் மருத்துவ குணத்தால் அல்ல. ஆசனவாயின் உட்புறம் எதையாவது தொட்டால் குடல் தானாகச் சுருங்கும். மேற்கத்திய வீடுகளில் இதே வேலைக்குச் சோப்பைக் குச்சியாகச் சீவி வைத்தார்கள். பிறகு அந்த இடத்தைக் கிளிசரின் குச்சி பிடித்தது. நம் ஊர்களிலும் சோப்புக் குச்சி வைத்த வீடுகள் உண்டு. அவசரத்துக்கு ஒரு நாள் உதவும் வழிதான். ஆனால் தினமும் செய்தால் வேறு சிக்கல். ஒன்பது மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகள் பலரும் பத்து நிமிடம் அழுது முக்கி, கடைசியில் இளகிய மலத்தைக் கழிப்பார்கள். வயிற்றை முக்குவதும் கீழே தசையைத் தளர்த்துவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். அந்த ஒத்திசைவு இன்னும் கைவரவில்லை, அவ்வளவுதான். 2016ல் வெளியான ரோம் நான்காம் வரையறைகள் என்ற உலக மருத்துவர்களின் பட்டியல், இதை மலச்சிக்கலில் சேர்க்காமல் தனியாக வைத்திருக்கிறது. தானாகக் கற்றுக்கொள்ள வேண்டியதைக் காம்பு வைத்துச் செய்துகொடுத்துக்கொண்டே இருந்தால் குழந்தை கற்றுக்கொள்வது தள்ளிப்போகும். மென்மையான தோலில் கீறலும் கிருமியும் வரலாம் என்பது தனி.

அடுத்தது விளக்கெண்ணெய். (தமிழில் மந்தமான ஆளை ‘விளக்கெண்ணெய்’ என்று திட்டுவார்கள். அந்த எண்ணெய் குடலில் செய்யும் வேகத்தைப் பார்த்தால் இது கொஞ்சம் அநியாயம்தான்.) ஆமணக்கு விதையை வறுத்து இடித்து, தண்ணீரில் போட்டுக் கொதிக்கவைத்தால் எண்ணெய் மேலே மிதக்கும். அதை வழித்தெடுத்து, மிச்ச ஈரம் போகக் காய்ச்சி வைத்துக்கொள்வார்கள். விதையில் ரைசின் என்ற கொடிய விஷம் இருக்கிறது. அது எண்ணெயில் கரையாது, கொதியிலும் அழிந்துவிடும். இந்த வேதியியல் தெரியாமலே அந்த முறையைக் கண்டுபிடித்தவர்களை வியக்காமல் இருக்க முடியாது. கி.மு. 1550ஐ ஒட்டி எழுதப்பட்ட எகிப்தின் ஈபர்ஸ் பாப்பிரஸிலேயே ஆமணக்கு பேதி மருந்தாகச் சொல்லப்பட்டிருக்கிறது. ஆனால் அது குடலில் எப்படி வேலை செய்கிறது என்பது 2012ல்தான் தெளிவானது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் ஆய்வகத்தினர், எண்ணெயிலிருந்து பிரியும் ரிசினோலிக் அமிலம் குடல் தசையிலும் கருப்பைத் தசையிலும் உள்ள ஒரே வகை ஏற்பியைத் தூண்டுகிறது என்று காட்டினார்கள். பேதிக்கும் பிரசவ வலியைத் தூண்டவும் ஒரே எண்ணெயைக் கொடுத்து வந்ததன் ரகசியம் அதில் இருக்கிறது.

பெரியவர்களுக்கு ஆண்டுக்கு இரண்டு முறை பேதிக்குக் கொடுப்பது போலக் குழந்தைகளுக்கும் மாதத்துக்கு ஒருமுறையோ வாரத்துக்கு ஒருமுறையோ விளக்கெண்ணெய் புகட்டும் வழக்கம் பல வீடுகளில் இருந்தது. மலம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் கொடுத்தார்கள். வயிற்றில் அழுக்கு சேரும், அதை அவ்வப்போது கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அது உடம்பெல்லாம் ஏறி நோயாக மாறும் என்பதுதான் அடிப்படை நம்பிக்கை. சித்த மருத்துவத்தில் குழந்தை நோய்களுக்கென்றே பாலவாகடம் என்ற நூல் மரபு இருக்கிறது. அதில் மாந்தம், கணம் என்று நோய்களைப் பிரித்திருக்கிறார்கள். செரிமானக் கோளாறிலிருந்து கிளம்பும் நோய்களெல்லாம் மாந்தத்தில் அடங்கும். வீட்டுப் பேச்சில் இந்த நுட்பங்கள் எல்லாம் உதிர்ந்துபோய், ‘வயிறு சுத்தமாக இருக்கணும்’ என்ற ஒரே வாக்கியமாகச் சுருங்கிவிட்டது.

இது ஏதோ நம் பட்டிக்காட்டு நம்பிக்கை என்று நினைத்துவிடக் கூடாது. அதே காலத்தில் லண்டனும் பாரிஸும் இதைவிடத் தீவிரமாக இருந்தன. பெருங்குடலில் தேங்கும் மலம் உடலையே விஷமாக்குகிறது என்று நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப் எழுதினார். லண்டனின் புகழ்பெற்ற அறுவை மருத்துவர் ஆர்பத்நாட் லேன் ஒருபடி மேலே போய், மலச்சிக்கலுக்காகப் பெருங்குடலையே வெட்டி எடுத்தார். நியூசிலாந்தில் 1907ல் பிளங்கெட் சங்கத்தைத் தொடங்கிய ட்ரூபி கிங், பால் கொடுப்பதிலும் மலம் கழிப்பதிலும் கடிகாரம் தவறக் கூடாது என்று தாய்மார்களுக்குக் கட்டளையிட்டார். அமெரிக்க அரசின் குழந்தைகள் நலத்துறை 1914ல் வெளியிட்ட குழந்தை வளர்ப்புக் கையேடு, மூன்றாம் மாதத்திலேயே குழந்தையை மலம் கழிக்கப் பழக்கத் தொடங்கலாம் என்றது. கழுத்து நிற்காத குழந்தைக்கு நேரம் தவறாமை! 1946ல் ஸ்பாக் என்ற மருத்துவரின் புத்தகம் வந்த பிறகே அந்த நாட்டுத் தாய்மார்கள் கொஞ்சம் மூச்சுவிட்டார்கள்.

மருந்துகளிலும் அவர்கள் நம்மை மிஞ்சினார்கள். பிரிட்டனில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கு என்று விற்கப்பட்ட ஸ்டீட்மன் பொடி போன்றவற்றில் பாதரச உப்பான கலோமல் கலந்திருந்தது. வயிற்றைக் கழுவினால் பல் வலி குறையும் என்பது கணக்கு. கைகால் சிவந்து தோல் உரிந்து, ஓயாமல் அழுது, வெளிச்சத்தைப் பார்க்க முடியாமல் முடங்கும் ‘இளஞ்சிவப்பு நோய்’ பல ஆயிரம் குழந்தைகளைப் பிடித்தது. காரணம் பாதரசம்தான் என்று 1940களின் இறுதியில் தெரிந்தது. 1954ல் அந்தப் பொடிகளிலிருந்து பாதரசம் எடுக்கப்பட்டது, நோயும் ஏறக்குறைய மறைந்தே போனது. இந்தியாவில் வேறு ஒரு விஷம். வயலுக்கும் மில்லுக்கும் போகும் தாய்மார்கள் குழந்தை தூங்க ஒரு துளி அபின் கொடுத்த வழக்கம், 1893 முதல் 1895 வரை நடந்த ராயல் ஓப்பியம் கமிஷனின் சாட்சியங்களில், அதிலும் பம்பாய்ப் பக்கத்துச் சாட்சியங்களில், நிறைய வருகிறது. அபின் குடலைக் கட்டிப்போடும். கட்டியதை அவிழ்க்க எண்ணெய். ஒரு மருந்து உண்டாக்கிய நோய்க்கு இன்னொரு மருந்து.

தென்னிந்தியாவில் விளக்கெண்ணெயால் வந்த உண்மையான ஆபத்து வயிற்றில் இல்லை, நுரையீரலில் இருந்தது. எண்ணெய் புகட்டும் முறையை நினைத்துப் பார்த்தால் காரணம் புரியும். குழந்தையை நீட்டிய கால்களில் மல்லாத்திப் போட்டு, கைகளைப் பிடித்துக்கொண்டு, சங்கிலோ பாலாடையிலோ எண்ணெயை எடுத்து, துப்பாமல் இருக்க மூக்கைப் பிடித்து ஊற்றுவார்கள். குழந்தை வீரிட்டு அழும்போது மூச்சுக்குழல் திறந்திருக்கிறது. தண்ணீர் உள்ளே போனால் இருமல் வந்து தள்ளிவிடும். எண்ணெய் வழவழப்பாகச் சத்தமில்லாமல் இறங்கிவிடும், இருமல்கூட வராது. நுரையீரலுக்குள் தங்கிய எண்ணெயை உடம்பு வெளியேற்ற முடியாமல் வீக்கமும் தழும்பும் உண்டாகும். கனடாவின் டொராண்டோவில் லாஃப்லென் என்பவர் 1925லேயே மூக்கில் விட்ட எண்ணெயும் பேதி எண்ணெயும் இப்படி நிமோனியா உண்டாக்குவதை விவரித்துவிட்டார். தென்னிந்தியக் கைக்குழந்தைகள், சிறுவர்களிடம் காணப்பட்ட இதே எண்ணெய் நிமோனியாவைப் பற்றிய கட்டுரை 1973ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளியானது. சளி, காய்ச்சல் என்று கொண்டுவரப்பட்ட குழந்தைகளுக்கு உண்மையில் நடந்தது என்ன என்பது அதன் பிறகுதான் பல மருத்துவர்களுக்கு உறைத்தது. எண்ணெய்க் குளியலின்போது மூக்கில் இரண்டு சொட்டு விடுவதையும், வாயால் மூக்கில் ஊதுவதையும் குழந்தை மருத்துவர்கள் இன்றுவரை திட்டிக்கொண்டே இருப்பதற்குக் காரணம் இதுதான்.

உரை மருந்து இன்னும் சிக்கலான விஷயம். உரைகல்லில் வசம்பு, கடுக்காய், மாசிக்காய், சாதிக்காய், சுக்கு என்று ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று சுற்று உரைத்து, தாய்ப்பாலிலோ தேனிலோ குழைத்து நாக்கில் தடவுவார்கள். வசம்புக்குப் ‘பிள்ளை வளர்ப்பான்’ என்றே பெயர். இரவில் பெயர் சொல்லக் கூடாது என்பதால் ‘பேர் சொல்லாதது’ என்றும் அழைப்பார்கள். இந்தப் பட்டியலைக் கவனித்தால் ஒரு வேடிக்கை புரியும். கடுக்காய் மலத்தை இளக்கும். மாசிக்காயோ துவர்ப்பு மிகுந்தது, வயிற்றுப்போக்கை நிறுத்தக் கொடுப்பது. அதாவது ஒரே கல்லில் கட்டுவதும் அவிழ்ப்பதும் சேர்ந்தே உரைக்கப்பட்டன. எதை எத்தனை சுற்று என்பதில்தான் வித்தை இருந்தது. அது தெரிந்த கிழவி இருக்கும்வரை சரி. அவர் போன பிறகு எல்லாவற்றையும் சமமாக உரைத்துக் கொடுத்த வீடுகளில் மருந்தே மலத்தைக் கட்டியிருக்கவும் வாய்ப்புண்டு. வசம்பில் உள்ள அசரோன் என்ற பொருளின் காரணமாக அமெரிக்கா 1968லேயே அதை உணவுப் பொருள்களிலிருந்து தடை செய்தது. தமிழ்நாட்டில் இந்த மரபு அரசு மருத்துவத்துக்குள்ளும் வந்தது. 2010களின் நடுவில் கர்ப்பிணிகளுக்காகத் தொடங்கப்பட்ட அம்மா மகப்பேறு சஞ்சீவி திட்டத்தின் 11 சித்த மருந்துகளில் உரை மாத்திரையும் ஒன்று.

உரைகல்லை ஓரம்கட்டியது கண்ணாடிப் புட்டி. இங்கிலாந்தின் நாட்டிங்காமில் வில்லியம் உட்வர்ட் 1851ல் தயாரித்த கிரைப் வாட்டர், ஆங்கிலேயர் ஆட்சியோடு இங்கே வந்து சேர்ந்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே 3.6 சதவீதம் ஆல்கஹால். குழந்தை ஏன் அமைதியாகத் தூங்கியது என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. பிரிட்டனில் ஆல்கஹால் 1992ல் நீக்கப்பட்டது. இந்தியாவில் டி.டி.கே. நிறுவனம் விற்ற அந்தப் புட்டி, மகளிடம் அம்மாவும், அம்மாவிடம் அவர் அம்மாவும் சொல்லிக்கொண்டே போகும் தொலைக்காட்சி விளம்பரத்தால் பாட்டி வைத்தியத்தின் இடத்தையே பிடித்துக்கொண்டது. காரமான கல்மருந்தைவிட அது நாகரிகமாகத் தெரிந்தது. மலச்சிக்கலுக்கும் அதையே கொடுத்தார்கள். அதிலிருந்த எதுவும் மலத்தை இளக்கக்கூடியது அல்ல என்பதை யாரும் கேட்கவில்லை.

புட்டிக்குப் பின்னால் டின் வந்தது. கிளாக்ஸோ பால்மாவு, ஃபாரெக்ஸ், பிறகு உள்நாட்டு அமுல் என்று கொழுகொழு குழந்தைப் படங்களோடு டின்கள் பழனிக் கடைத்தெருவரை எட்டின. பால்மாவு குடிக்கும் குழந்தையின் மலம் தாய்ப்பால் குழந்தையின் மலத்தைவிடக் கெட்டியாக இருக்கும். அதிலுள்ள கொழுப்பும் சுண்ணாம்புச் சத்தும் குடலில் சேர்ந்து சோப்பு போல உறைவது ஒரு காரணம். பணத்தை மிச்சம் பிடிக்க மாவைக் குறைத்துக் கலக்கியவர்களும் உண்டு, சத்து சேரட்டும் என்று அளவுக்கு மேல் கெட்டியாகக் கலக்கியவர்களும் உண்டு. இரண்டுமே கேடு. 1992ல் இந்திய நாடாளுமன்றம் பால்மாவு, புட்டி, குழந்தை உணவு விளம்பரங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் இயற்றியது. 2003ல் அது திருத்தப்பட்டு, இரண்டு வயது வரையிலான குழந்தை உணவுகளுக்கு விளம்பரமே கூடாது என்றானது.

சோற்றிலும் மாற்றம் நடந்திருந்தது. பழனிச் சமவெளியின் மானாவாரி நிலங்களில் கம்பும் சோளமும் கேழ்வரகும்தான் அன்றாடம். ஆலை அரிசி வந்ததும் தவிடு போனது. குழந்தைக்கு வெள்ளைச் சோறுதான் கௌரவம். கேழ்வரகு கொடுத்த வீடுகளிலும் அதை ஊறவைத்து அரைத்து, வெள்ளைத் துணியில் பிழிந்து, வடிந்த பாலை மட்டும் காய்ச்சிக் கொடுத்தார்கள். சீக்கிரம் செரிக்கட்டும் என்பது நல்லெண்ணம்தான். ஆனால் மலத்தை இளக்கும் நார் முழுவதும் துணியிலேயே தங்கிவிட்டது. ‘ராகி கொடுத்தால் மலம் கட்டும்’ என்று பல தாய்மார்கள் சொல்வதில் அந்தத் துணிக்கும் பங்கு உண்டு.

ஆறு மாதக் குழந்தை என்ன சாப்பிடுகிறது என்று அரசு கவனிக்கத் தொடங்கியது 1980ல்தான் என்று சொல்லலாம். அதற்கு முன்பே 1975ல் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் வந்திருந்தாலும், சோறு தொடங்கும் வயதையே குறிவைத்தது உலக வங்கிக் கடனோடு வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம். அது முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது மதுரை மாவட்டம் கொட்டாம்பட்டி வட்டாரத்தில். திண்டுக்கல் தனி மாவட்டம் ஆனது 1985ல் என்பதால், நெய்க்காரப்பட்டியும் அன்று அதே மதுரை மாவட்டத்தில்தான் இருந்தது. 6 மாதம் முதல் 36 மாதம் வரையிலான குழந்தைகளை மாதாமாதம் எடை போட்டார்கள். எடை ஏறாத குழந்தைக்கு மட்டும், தானியமும் பருப்பும் வெல்லமும் சேர்த்த உருண்டை. குழந்தை எடை போடும் தராசு கிராமத்துக்குள் வந்தது பெரிய மாற்றம். அதுவரை குழந்தையின் ஆரோக்கியத்துக்கு வெளிக்குப் போனதா இல்லையா என்பதே பெரிய அளவுகோலாக இருந்தது. இப்போது எடை என்ற இன்னொரு அளவுகோல் கிடைத்தது.

இந்த இரண்டாவது அளவுகோல் எவ்வளவு தேவை என்பதற்கு டென்மார்க்கில் ஒரு கதை இருக்கிறது. கோபன்ஹேகனின் குழந்தைகள் மருத்துவர் ஹரால்ட் ஹிர்ஷ்ப்ருங், 1886ல் பெர்லினில் நடந்த கூட்டத்தில் இரண்டு ஆண் குழந்தைகளைப் பற்றிப் பேசினார். பிறந்ததிலிருந்தே மலச்சிக்கல், வீங்கிய வயிறு. எனிமாவும் பேதி மருந்தும் கொடுத்தும் இருவரும் ஒரு வயதை எட்டாமல் இறந்துபோனார்கள். அவர்களுடைய பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பு அணுக்களே இருக்கவில்லை என்பதுதான் இந்த நோயின் காரணம் என்று பின்னாளில் புரிந்தது. அந்தப் பகுதி திறக்காது. மேலே எவ்வளவு பேதி மருந்து ஊற்றினாலும் வீக்கம்தான் கூடும். 1948ல் அமெரிக்காவில் ஸ்வென்சன், நரம்பில்லாத பகுதியை நீக்கும் அறுவை சிகிச்சையை வெளியிட்டார். அதற்கு முன் உலகம் முழுவதும், நம் ஊர்களிலும்தான், எத்தனை குழந்தைகள் மாந்தம் என்ற பெயரில் எண்ணெய் புகட்டப்பட்டே போய்ச் சேர்ந்தார்களோ. பிறந்து இரண்டு நாளாகியும் கரும்பச்சை முதல் மலம் கழிக்காதது, வயிறு ஊதுவது, பச்சையாக வாந்தி எடுப்பது, எடை ஏறாதது ஆகிய நான்கையும் இன்று மருத்துவர்கள் தவறாமல் கேட்பது இதனால்தான். தைராய்டு குறைவும் சில குழந்தைகளிடம் முதலில் மலச்சிக்கலாகவே தலைகாட்டும்.

பழனியை வைத்துச் சொல்லும்போது பஞ்சாமிர்தத்தை விட முடியாது. முடியிறக்க வந்த குழந்தையின் நாக்கில் ஒரு துளி தடவுவது பல குடும்பங்களில் நடப்பது. வாழைப்பழம், நாட்டுச் சர்க்கரை, நெய், பேரீச்சை, கற்கண்டு, தேன், ஏலக்காய். ஏறக்குறைய எல்லாமே மலத்தை இளக்கும் பொருள்கள். 2019ல் புவிசார் குறியீடும் பெற்றது. சிக்கல் தேனில் மட்டும்தான். 1976ல் கலிபோர்னியாவில் கைக்குழந்தைகளைத் தாக்கும் பாட்டுலிசம் என்ற நோய் கண்டறியப்பட்டது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமியின் வித்து, ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தையின் குடலில் முளைத்து நரம்புகளைச் செயலிழக்க வைக்கும் விஷத்தைச் சுரக்கிறது. அரிய நோய்தான். ஆனால் அதன் முதல் அறிகுறியே மலச்சிக்கல்! மலச்சிக்கலுக்காகத் தேனில் உரைத்துக் கொடுப்பவர் தெரியாமல் எங்கே போய் நிற்கிறார் என்று பாருங்கள். ஒரு வயது முடியும்வரை தேன் வேண்டாம் என்பது இப்போது உலகம் முழுவதும் சொல்லப்படும் விதி. முடியிறக்கும் குழந்தைக்குப் பிரசாதம் நெற்றியில் திருநீறாக இருந்தால் பழனியாண்டவர் ஒன்றும் கோபித்துக்கொள்ள மாட்டார்.

இனி நான்காவது வழி, சாப்பாடு. நான்கில் மிக அமைதியானதும் பெரும்பாலும் சரியானதும் இதுதான். கறுப்பு உலர்திராட்சையை இரவில் ஊறவைத்துக் காலையில் பிழிந்து வடிகட்டிய நீர், குழைந்த பருப்புச் சோற்றில் ஒரு சொட்டு நெய், நசுக்கிய மலைவாழைப்பழம். மேல்நாட்டில் உலர்ந்த பிளம்ஸ் பழச்சாறு செய்யும் வேலையை இங்கே திராட்சை செய்தது. இரண்டிலும் முழுதாக உறிஞ்சப்படாத பழச்சர்க்கரைகள் குடலில் நீரைப் பிடித்து வைக்கின்றன. இதே தத்துவத்தில்தான் இன்றைய மருந்தும் இருக்கிறது. பால் சர்க்கரையிலிருந்து செய்யப்படும் லாக்டுலோஸை, ஆஸ்திரியாவின் பெட்டுவேலி என்ற மருத்துவர் 1957ல் புட்டிப்பால் குழந்தைகளின் குடலில் நல்ல கிருமிகளை வளர்ப்பதற்காகவே கொடுத்துப் பார்த்தார். மலமும் இளகியது. 1959லேயே மலச்சிக்கலுக்கு அதைப் பயன்படுத்திய அனுபவம் எழுதப்பட்டுவிட்டது.

வாழைப்பழத்தில் மட்டும் ஒரு குழப்பம் எப்போதும் உண்டு. சரியாகப் பழுக்காத பழத்தில் செரிக்காத மாவு மிகுதி, துவர்ப்பும் இருக்கும், அது கட்டும். தோலில் கரும்புள்ளி விழ நன்றாகக் கனிந்தது இளக்கும். ‘வாழைப்பழம் கொடுத்தேன், இன்னும் கட்டிக்கொண்டது’ என்கிறவர்களும், ‘கொடுத்தேன், சரியாகிவிட்டது’ என்கிறவர்களும் பெரும்பாலும் ஒரே சீப்பின் வேறு வேறு நாள் பழத்தைக் கொடுத்தவர்கள். நெய்க்காரப்பட்டிப் பக்கத்தில் குழந்தைக்கு என்று கேட்டு வாங்கப்படுவது மலைவாழை. ஒட்டன்சத்திரத்துக்கும் பழனிக்கும் இடையிலுள்ள விருப்பாச்சியின் பெயரையே அது தாங்கியிருக்கிறது. ஈரம் குறைவு, மணம் அதிகம், பல நாள் கெடாது.

அந்தப் பழம் ஏறக்குறைய இல்லாமலே போயிருக்கும். 1970களில் முடிக்கொத்து நோய் என்ற வைரஸ், கீழ்ப் பழனி மலையிலும் சிறுமலையிலும் பரவியது. 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை 2,000 ஹெக்டேராகச் சுருங்கியது என்பது கணக்கு. இலைகள் உச்சியில் கொத்தாகக் குறுகி, மரம் குலை தள்ளாமலே நின்றுவிடும். பல விவசாயிகள் வாழையை விட்டு காபிக்கும் மிளகுக்கும் போனார்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மலை விவசாயிகளும் சேர்ந்து, வைரஸ் இல்லாத திசு வளர்ப்புக் கன்றுகளை நட்டு அதை மெல்ல மீட்டார்கள். விருப்பாச்சி மலைவாழை, சிறுமலை மலைவாழை இரண்டும் புவிசார் குறியீடு பெற்றன.

இந்தியக் குழந்தை இரைப்பை குடல் மருத்துவர்கள் 2018ல் குழந்தை மலச்சிக்கலுக்கான வழிகாட்டியை வெளியிட்டார்கள். ஒரு வயதுக்கு மேற்பட்டோருக்குப் பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற பொடி, அதற்குக் கீழே லாக்டுலோஸ், அதற்கும் முன்னால் நோய் வேறு ஏதாவதா என்று பார்ப்பது, சாப்பாட்டைச் சரிசெய்வது என்று அது போகிறது. விளக்கெண்ணெய்க்கு அதில் இடமில்லை. பழனி மலையடிவாரத்து வீடுகளிலோ வெற்றிலைக் காம்பு இன்னும் புழக்கத்தில்தான் இருக்கிறது. லாக்டுலோஸ் பாட்டில் பக்கத்து அலமாரியில் நிற்கும். சமையலறை மூலையில் மலைவாழைச் சீப்பு ஒன்று, தோல் கறுக்கட்டும் என்று தொங்கிக்கொண்டிருக்கும்.